'மேல்' என்று எழுதிய கோடுகள்

மார்ச் 3, செவ்வாய்

ஆறு தகடுகள் குப்பைக்குப் போயின. ஹோட்டல் சமையலறைக்குப் போகவேண்டிய எவர்சில்வர் மேடையின் வலது பக்கத் தகடுகள். ஆறும் இடது பக்கத் தகடுகளாக மடங்கி வந்திருக்கின்றன. குழாய்க்கான ஓட்டை சுவர்ப் பக்கம் போய்விட்டது.

ஹெனாரே மடித்த ஒன்பது வருடத்தில் ஒரு தகடு இப்படிப் போனதில்லை. அவர் தோள்பட்டை ஆபரேஷன் ஆகி பாப்பகூராவில் வீட்டோடு இருக்கிறார். மடிக்கும் மெஷினில் இப்போது லூப்பே. டோங்கா தீவுக்காரி, வயது முப்பத்தைந்து இருக்கும். வந்து இரண்டு வாரம், தனியாக மடிப்பது இதுதான் முதல் வேலை. ஓனஹங்காவில் ஏதோ பட்டறையில் பத்து வருடம் மடித்தவளாம். பத்து வருடம் என்னத்தை மடித்தாளோ.

காலையில் நான் வரைந்த வரைபடத்தோடு என் மேஜைக்கே வந்து நின்றாள்.

"ரேவின், இந்தக் கோட்டுல 'மேல்'னு போட்டிருக்கீங்க. யாருக்கு மேல்?"

யாருக்கு மேலா? 'மேல்' என்றால் உன்னை நோக்கி மடக்கு. 'கீழ்' என்றால் உன்னை விட்டு அந்தப் பக்கம் மடக்கு. இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். "உனக்குத்தான் மேல், வேற யாருக்கு?" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். போகும்போது உதட்டோரம் சிரித்தாளா? சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 4, புதன்

லிண்ட்சேயிடம் சொன்னேன். முதலாளி என்று பேர்தான். "புதுசு, பழகட்டும் விடு" என்கிறான்.

மார்ச் 11, புதன்

ஒரு வாரமாக எல்லாம் சரியாக வருகிறது. எப்படி? செவ்வாய்க்கிழமை வலது இடது தெரியாதவளுக்கு வெள்ளிக்கிழமை எல்லாம் தெரிந்துவிட்டதா? என்னிடம் அதன்பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காமல் கற்றுக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

டீ நேரத்தில் ஒரு பை நிறைய, கொய்யா மாதிரி இருக்கிற ஃபெய்ஜோவா பழம் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். எல்லோரும் ஸ்பூனோடு பாய்ந்தார்கள். எனக்குத் தனியாக நான்கு எடுத்துவைத்திருந்தாள். எனக்கு மட்டும் ஏன் தனியாக?

நான் சாப்பிடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் புருஷன் ரஸ்ஸல் நான்கையும் தின்றுவிட்டு, "லஞ்சம் நல்லா இருக்கு, இன்னும் வாங்கிட்டு வா" என்கிறான். இவனோடு முப்பது வருடம்.

மார்ச் 19, வியாழன்

பார்த்துவிட்டேன்.

பிரிண்ட் எடுக்கும் அறைக்குப் போகிற வழியில், மெஷின் பக்கத்தில் என் வரைபடத்தை விரித்துவைத்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றல்ல, மூன்று. எடுத்துவிட்டு யாருக்கோ அனுப்பினாள். கட்டைவிரல் ஆடிய விதத்திலேயே தெரிகிறது. அப்புறம் பதில் வரும்வரை நின்றாள். பதில் வந்தது. படித்துவிட்டுத் தகட்டைத் தூக்கினாள்.

யாருக்கு அனுப்புகிறாள்? அந்த ஓனஹங்கா பட்டறைக்கா? ஹோட்டல் வேலைக்கு அவர்களும்தான் விலை கொடுத்திருந்தார்கள். கிடைக்கவில்லை. இப்போது நம் வரைபடம் படம் படமாகப் போகிறது.

பின்பக்கக் கோடு யோசனைக்கு ஆசைப்படுகிறார்களோ. அது என்னுடைய யோசனை. எங்கே மடக்கவேண்டும் என்று காட்ட லேசர் தகட்டில் மெல்லிய கோடு கீறும். முன்பக்கத்தில் கீறினால் பளபளப்பில் தழும்பு மாதிரி தெரியும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஒன்பது வருடம் முன்னால் நான்தான் கம்ப்யூட்டரில் விரித்த படத்தை அப்படியே புரட்டிப்போட்டு, கோடுகள் எல்லாம் பின்பக்கத்தில் விழும்படி செய்தேன். மடிப்பவர் பின்பக்கத்தைப் பார்த்தபடி மடிப்பார், முன்பக்கம் சுத்தமாக வரும். லிண்ட்சே டீ ரூமில் கேக் வெட்டி என் பேரைச் சொன்னான். இந்தப் பட்டறையில் என் பேருக்குக் கேக் வெட்டியது அந்த ஒருமுறைதான்.

மார்ச் 20, வெள்ளி

இரண்டு படம். 9.40க்கு ஒன்று, 1.15க்கு ஒன்று. குறித்துவைக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

ஈஸ்டர் முடிந்து முதல் வாரம். படம் எடுப்பது குறைந்துவிட்டது. வேண்டியதை எடுத்து முடித்துவிட்டாளா, அல்லது நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாளா?

பக்கத்து வீட்டு நெவில் வேலிக்கு மேல் கைநீட்டி எங்கள் எலுமிச்சையைப் பறிக்கிறான் என்று ரஸ்ஸலிடம் சொன்னேன். "இந்தத் தெருவுல யார்தான் உன் கணக்குல யோக்கியன்?" என்று கேட்டான். கொஞ்சம் யோசித்தேன். யாரும் நினைவுக்கு வரவில்லை.

ஏப்ரல் 22, புதன்

இருபத்திரண்டு தகடுகள்! இருபத்திரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி.

இதில் வேடிக்கை, இவை என் வரைபடங்கள்கூட இல்லை. வாடிக்கையாளரே தன் ஆபீஸில் வரைந்து அனுப்பியவை. கோடு சரி, மேல் கீழ் சரி, எல்லாம் நான் ஒருமுறை பார்த்தேன். குழந்தைகூடப் படிக்கும். இவள் ஒவ்வொன்றையும் நேர் எதிராக மடித்திருக்கிறாள். தெரியாமல் செய்தால் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் வரும். எல்லாமே எதிராக வந்தால் அது தெரியாமல் செய்ததா?

லூப்பே முகம் வெளுத்துப்போய் நின்றாள். "இது உங்க வரைபடம் இல்லையா?" என்று என்னைக் கேட்டாள். "உங்களோடதுன்னு நினைச்சேன்."

என்னுடையதாக இருந்தால் எதிராக மடிக்கலாமா? அப்படியானால் என் பேரைக் கெடுக்கத்தான் இத்தனையுமா? கேட்டேவிட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். எதையோ முழுங்கினாள். நான் பார்த்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

தூக்கம் இல்லை. என் நாற்காலிக்கு யாரையோ கொண்டுவரப் பார்க்கிறார்கள். ஐம்பத்து நான்கு வயது. என்னை யார் இனி எடுப்பார்கள்?

மே 8, வெள்ளி

லிண்ட்சேக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஒரு பக்கம். மார்ச் 3 ஆறு தகடு, ஏப்ரல் 22 இருபத்திரண்டு, போனில் படம் எடுத்த தேதி, மணி எல்லாம். 'கவனமில்லாதவர், வரைபடம் படிக்கத் தெரியாதவர், நம்பத்தகாதவர்' என்று முடித்தேன்.

அவளுடைய தொண்ணூறு நாள் சோதனைக்காலம் அடுத்த வாரத்தோடு முடிகிறது. அதற்குள் வேலையை விட்டு அனுப்பினால் காரணம் சொல்லவேண்டியதில்லை. அது லிண்ட்சேக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மே 15, வெள்ளி

அனுப்பிவிட்டான். மூன்று மணிக்கு ஆபீஸுக்குள் கூப்பிட்டான், கதவு சரியாகச் சாத்தவில்லை. அது என் தப்பா?

"லூப்பே, இது சரிப்பட்டு வரலை" என்றான்.

"வரைபடத்துலதான் தப்பு இருக்கு, லிண்ட்சே. ரேவின் போடற மேல் கீழ் மாறியிருக்கு. ஹெனாரேயக் கேட்டுப் பாருங்க."

லிண்ட்சே சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். "ரேவினோட வரைபடத்துலயா? ஒன்பது வருஷம்மா! ஒரு தகடு தப்பாப் போனதில்ல."

அவள் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு என் மேஜையைத் தாண்டித்தான் போனாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பார்க்கக்கூட இல்லை.

வரைபடத்தில் தப்பாம். கடைசி நிமிடத்தில்கூட என் தலையில் கட்டப் பார்க்கிறாள். திங்கள்கிழமைக்குள் இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன். அந்த மார்ச் 3 தகட்டை அச்சடித்து, காகிதத்தில் வெட்டி, நான் எழுதியபடியே மடித்து லிண்ட்சே மேஜையில் வைப்பேன். ஒரு பயல் இனி இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

மே 17, ஞாயிறு

மதியம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெட்டினேன். கோடுகள் என்னைப் பார்த்து இருக்கும்படி வைத்து, 'மேல்' என்ற இடத்தில் என் பக்கமாக, 'கீழ்' என்ற இடத்தில் அந்தப் பக்கமாக.

இடது தகடு வந்தது.

கை தவறியிருக்கும் என்று இன்னொன்று வெட்டினேன். இடது. மூன்றாவது. ரஸ்ஸலைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல், "இதுல எழுதியிருக்கிற மாதிரி மடக்கு" என்றேன். நாக்கைத் துருத்திக்கொண்டு மடித்தான். இடது.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து பழைய வரைபடங்களைப் பார்த்தேன். போன வருடம். அதற்கு முந்தைய வருடம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த முதல் வரைபடம் வரை.

நான் படத்தைப் புரட்டிப்போட்டேன். கோடுகள் புரண்டன. 'மேல்', 'கீழ்' என்ற வார்த்தைகள் நான் கையால் அடித்தவை. அவை புரளவில்லை. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் மேல், பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கீழ் அல்லவா? அன்றிலிருந்து ஒரு வரைபடம் விடாமல் தப்பாக எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் எப்படி ஒன்பது வருடம் எல்லாத் தகடும் சரியாக வந்தது?

மே 18, திங்கள்

லிண்ட்சேயிடம் ஒன்றும் சொல்லவில்லை. தலைவலி என்று பாதியில் வந்துவிட்டேன்.

மே 19, செவ்வாய்

பாப்பகூராவுக்குப் போனேன். ஹெனாரே கையைத் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். என் கையில் இருந்த காகிதத் தகட்டைப் பார்த்தார்.

"அட, கண்டுபிடிச்சிட்டியா ரே?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி மடிக்கிறது? ரே மேல்னு சொன்னா கீழ, கீழ்னு சொன்னா மேல. அது உன் பாஷை. பழகிடுச்சு."

"ஒன்பது வருஷம் என்கிட்ட சொல்லலையே!"

"சொன்னேனே. கேக் வெட்டின மறுநாளே வந்து சொன்னேன். 'மடிக்கிற வேலைய மட்டும் பாருங்க'ன்ன. அப்புறம் ஒரு வாரம் எங்கூடப் பேசவே இல்ல. சரி, பொம்பளை மனசு நோகுது, நாமளே திருப்பிப் படிச்சுக்குவோம்னு விட்டுட்டேன்."

எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று எழுதுகிறேனே, அதையும் இப்போது நான் நம்பவேண்டுமா?

லூப்பே படம் படமாக அனுப்பியது இவருக்குத்தான். முதல் ஆறு தகடு போன அன்றே லேசர் ஓட்டுகிற பையனிடம் நம்பர் வாங்கி இவரைக் கூப்பிட்டிருக்கிறாள். "நான்தான் சொன்னேன், அங்க எல்லாத்தையும் திருப்பிப் படி, ரேகிட்ட மட்டும் மூச்சு விடாதன்னு. சத்தியம் வாங்கிக்கிட்டேன்" என்றார். அதனால்தான் வாடிக்கையாளர் அனுப்பிய சரியான வரைபடத்தையும் திருப்பிப் படித்திருக்கிறாள். எங்கள் பட்டறையில் 'மேல்' என்றால் கீழ் என்று பழகிக்கொண்டவள் வேறென்ன செய்வாள்? வாயைத் திறந்து மூடினாளே, அன்றைக்கு அவள் முழுங்கியது என் மானத்தை.

அவளை அனுப்பிவிட்டோம் என்று சொன்னபோது ஹெனாரே உட்கார்ந்துவிட்டார். "நான் அவளுக்கு நல்லதுன்னு நினைச்சுச் சொன்னேன்" என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு டீ தரவில்லை. அவர் வீட்டில் டீ குடிக்காமல் நான் வந்தது இதுதான் முதல் தடவை.

மே 20, புதன்

லிண்ட்சேயிடம் சொன்னேன். காகிதத்தை மடித்தே காட்டினேன்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். இந்தமுறை நன்றாகச் சாத்தினான். "பாரு ரேவின், தொண்ணூறு நாள் முடிஞ்சுபோச்சு. அவ போயாச்சு. கிளறாத. நீ சத்தமில்லாம வரைபடத்தை எல்லாம் திருத்திடு. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வெளியே வந்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக லேசாகிற நெஞ்சு என்ன நெஞ்சு? மூன்று மாதம் யார் யாரையோ வேவு பார்த்தேன். வீட்டுக்குள் இருந்த திருட்டைப் பார்க்கவில்லை.

மே 23, சனி

மாங்கரேயில் அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் கதவைத் திறந்து, "யாரு?" என்றான். பேரைச் சொன்னதும் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

லூப்பே சமையலறையில் டேரோக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நான் தயாரித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை.

"தெரியும்" என்றாள். "அந்த ஆறு தகடு போன அன்னிக்கே தெரியும்."

"மன்னிச்சுக்கோ, லூப்பே."

"மன்னிப்பா?" கத்தியைக் கீழே வைத்தாள். "இந்த மன்னிப்ப வச்சு நான் என்ன பண்ண? ஒரு வாரமா ரெண்டு பட்டறையில கேட்டேன். ரெண்டு பேரும் லிண்ட்சேக்கு போன் போட்டாங்க. உங்க லெட்டரைத்தான் படிச்சுக் காட்டியிருக்கான். நம்பத்தகாதவளாம்! பத்து வருஷம் மடிச்சவ நான். எம் பிள்ளைங்க முன்னாடி எம் மாமியார் கேக்கறாங்க, 'என்னடி திருடின?'ன்னு."



"லிண்ட்சேகிட்ட மறுபடி பேசறேன்" என்றேன்.

"அவன்கிட்ட சொன்னா அவன் டிராயர்ல போட்டுப் பூட்டுவான். நீங்க என்னைப் பத்தி எழுதினது மட்டும் நாலு ஊருக்குப் போகும், உங்க தப்பு மட்டும் டிராயருக்குள்ளயா?"

கிளம்பி வரும்போது அவள் எழுந்திருக்கவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் அந்தக் கிழங்கைத் தூக்கி எறிந்திருப்பேன்.

மே 25, திங்கள்

டீ நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் டீ ரூமுக்குப் போனேன். மார்ச் 3 தகட்டைக் காகிதத்தில் பன்னிரண்டு பிரதி எடுத்திருந்தேன். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒன்று, நடுவில் நான்கு கத்தரிக்கோல். பலகையில் பெரிதாக எழுதினேன்: 'இது ரேவின் வரைந்தது. எழுதியபடி மடித்துப் பாருங்கள். வலது தகடு வரவேண்டும்.'

வெல்டிங் பண்ணுகிறவர்கள், லேசர், பாலிஷ், எல்லோரும் வந்தார்கள். முதலில் சிரிப்பு. "என்னடா இது, நர்சரி ஸ்கூலா?" அப்புறம் கத்தரிக்கோலுக்குச் சண்டை. கையுறை கழற்றாமல் ஒருத்தன் வெட்டினான்.

"ஏய், என்னோடது இடது."

"எனக்கும் இடதுடா."

"இருங்கடா, நான் தப்பா மடிச்சிட்டேனா..."

மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. மேஜை முழுக்கக் காகிதத் தகடுகள், எல்லாம் இடது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. ஓடிப்போயிருப்பேன், ஆனால் கதவுப் பக்கம் லிண்ட்சே நின்றிருந்தான்.

"இதுக்காக ஒருத்திய வேலையை விட்டு அனுப்பிட்டோம்" என்றேன். "லெட்டர் எழுதினது நான். அதுல இருந்தது அத்தனையும் தப்பு."

லிண்ட்சே பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் உன்கிட்ட வேண்டாம்னு சொன்னேன்ல?" என்றான்.

"சொன்ன. அதனாலதான் இங்க வச்சுச் சொல்றேன்."

யாரும் கைதட்டவில்லை. பாலிஷ் பண்ணுகிற ஒருத்தன் மட்டும் தன் காகிதத் தகட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். மற்றவர்கள் டீ குடிக்காமலே போனார்கள்.

மே 26, செவ்வாய்

அந்த இரண்டு பட்டறைகளுக்கும் நானே கடிதம் எழுதி அனுப்பினேன். லிண்ட்சே என்னோடு பேசுவதில்லை. ஆனால் மதியம் ஆபீஸுக்குள் போனில், "லூப்பே, லிண்ட்சே பேசறேன், வைச்சிடாத, வைச்சிடாத" என்று சொன்னது கேட்டது.

ஜூன் 3, புதன்

வந்துவிட்டாள். மூன்று நிபந்தனையாம், லிண்ட்சே மூன்றுக்கும் தலையாட்டினானாம். சோதனைக்காலம் கிடையாது. என் பழைய கடிதத்தைக் கிழிக்கவேண்டும். மூன்றாவது எனக்கு: ரேவினின் எந்த வரைபடமும் லூப்பே பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மெஷினுக்குப் போகக்கூடாது.

அவமானம்தான். இல்லை என்று இங்கே எழுதி யாரை ஏமாற்ற?

ஜூன் 18, வியாழன்

காலையில் ஒன்பது வரைபடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், காகிதத்தில் மடித்தும் பார்த்தாள். என்னை நம்பவில்லை.

"போய் உங்க இடத்துல உக்காருங்க. ஆனதும் கூப்பிடறேன்."

எட்டில் கையெழுத்து. ஒன்றைத் திருப்பி நீட்டினாள். "நாலாவது கோடு."

தப்பே இருக்காது என்று மூன்று முறை பார்த்தேன். இருந்தது. பத்து நிமிடம் அவள்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் திருத்தி, பிரிண்ட் எடுத்து, அவள் முன்னால் வைத்துவிட்டு வந்து, அவள் கூப்பிடும்வரை என் நாற்காலியில் காத்திருந்தேன்.